நான்காவது விரல்

எனக்குப் பறவைகளைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடக் கூடாது.

நான் கணக்கு டீச்சர். ஆசிரியர் அறையில் ஜன்னலோர மேசையில் எனக்குப் பாதி, அறிவியல் டீச்சருக்குப் பாதி. என் பாதியில் விடைத்தாள்கள் இருக்கும். அவள் பாதியில் இறகுகள், உடைந்த முட்டையோடுகள், ஆந்தை விழுங்கிவிட்டுக் கக்கிய எலி எலும்பு உருண்டை எல்லாம் இருக்கும். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன் சுற்றுமுற்றும் ஒருமுறை உற்றுப் பார்ப்பது என் வழக்கம்.

பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அவளைக் காக்கா டீச்சர் என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கலாம். அவள் அதை விருதாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆய்வகம் எங்கே என்று கேட்டாளாம். ஒரு சாவியைக் கொடுத்தார்கள். அது ஒரு பீரோவின் சாவி. உள்ளே ஒரு பக்கத் தட்டு மட்டும் இருந்த தராசு, விரிசல் விட்ட சோதனைக் குழாய்கள், ஒரு கண்ணாடி ஜாடி. ஜாடிக்குள் ஊறிக்கொண்டிருந்தது தவளையா வேறு ஏதாவதா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. அவள் பீரோவைப் பூட்டி, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வகுப்பை மொத்தமாக மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு வெளியே போனவள்தான். மழை வந்தால் மட்டும் உள்ளே வருவாள், அதுவும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

வெப்பம் என்றால் குளிரில் புறா ஏன் உப்பிக்கொள்கிறது என்பதில் தொடங்குவாள். காற்றழுத்தம் என்றால் பருந்து. உணவுக்கேற்ற உடலமைப்பு என்றால், பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு அலகைக் கொடுத்துவிடுவாள். கிடுக்கி, கரண்டி, வடிகட்டி, துணிக்கு மாட்டும் கிளிப். தட்டுகளில் விதை, தண்ணீரில் மிதக்கும் தெர்மோகோல் துண்டு, மண்ணுக்குள் ரப்பர் பேண்ட். மணி அடிப்பதற்குள் போதுமான இரை எடுக்காத பறவை பட்டினியால் செத்துப்போகும். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரியின் கையிலும் ஒரு கிளிப்பைத் திணித்துவிட்டாள். தெர்மோகோல் பிடிபடாமல் மனிதர் வியர்த்துப் போனார். மணி அடித்ததும் ஒரு பையன் அவர் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இவர் செத்துட்டார்" என்று அறிவித்தான். தலைமையாசிரியர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி இரண்டாவது வாய்ப்புக் கேட்டார். இயற்கையில் அதெல்லாம் கிடையாது என்று அவள் சொல்லிவிட்டாள்.

அவளிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. "பாத்ததை எழுது. கேட்டதை எழுது. தெரிஞ்சதை எழுதாத." காகம் கறுப்பு நிறம் என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண்ணில் பாதியை வெட்டிவிட்டாள், அதன் கழுத்து சாம்பல் நிறமாம். புத்தகத்தில் கறுப்பு என்றுதானே போட்டிருக்கிறது என்று நான் சண்டைக்குப் போனேன். "புத்தகம் காக்காவைப் பாத்ததில்ல" என்றாள். இவளோடு வாதம் பண்ணுவது நேர விரயம் என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. ஆனாலும் தினமும் பண்ணிக்கொண்டிருக்கிறேன், அது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு, காது வகுப்பு. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்து மாமரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு, கையை முஷ்டி பிடித்து உயர்த்தி நிற்பார்கள். ஒரு பறவையின் குரல் கேட்டால் ஒரு விரலை நீட்ட வேண்டும். வேறு பறவை என்றால் அடுத்த விரல். அணிலுக்கு நீட்டினால் தோல்வி. நேரம் முடிந்ததும் எல்லோரும் கண்ணைத் திறப்பார்கள். அவளும் தன் கையைக் காட்டுவாள். அவள் கைதான் விடை.

குறைவாக நீட்டியவனை அவள் திட்டுவதில்லை. காது பழகவில்லை, பழகிவிடும் என்பாள். கூடுதலாக நீட்டியவன் செத்தான். அதற்கு அவள் வைத்த பெயர் பொய் விரல். பொய் விரல் காட்டியவர் அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பறைக்குள் தனியாக உட்கார வேண்டும். சுவரைப் பார்த்து அல்ல, ஜன்னலைப் பார்த்து. வெளியே நடப்பது தெரிய வேண்டுமாம். தண்டனையில் இவ்வளவு நுணுக்கம் பார்ப்பவளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இனி அந்த மாமரத்துக்கு வருகிறேன். அதன் உச்சிக் கிளையில் ஒரு புல்லுருவி இருந்தது. மரத்தின் மேலேயே முளைத்து, மரத்தையே உறிஞ்சிக் குடிக்கும் செடி. அதன் பழத்தைத் தின்னப் பூக்கொத்தி என்று ஒரு பறவை வரும். கட்டைவிரல் அளவுதான், சாம்பல் நிறம், பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பழத்தைத் தின்று, பசை மாதிரி ஒட்டும் விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். அங்கே அடுத்த புல்லுருவி முளைக்கும். இந்த ஏற்பாடு காக்கா டீச்சருக்கு உயிர். பூக்கொத்தியைக் கண்ணால் தேடினால் கிடைக்காது, காதால் பிடித்து அப்புறம் கண்ணால் உறுதி செய்ய வேண்டும் என்று வகுப்புக்கு வகுப்பு சொல்வாள்.

சென்ற வருடத்துக்கு முந்தைய கோடை விடுமுறையில் தலைமையாசிரியர் ஆள் வைத்து அந்தக் கிளையை வெட்டிவிட்டார். மரம் பட்டுப்போய்விடும் என்பது அவர் பயம். பள்ளி திறந்ததும் இவள் மரத்தடியில் போய் நின்று காது கொடுத்துப் பார்த்தாள். பூக்கொத்தி இல்லை. அடுத்த வாரமும் இல்லை. அதன் பிறகு தலைமையாசிரியரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். விடுப்பு வேண்டுமானால் என்னிடம் சொல்வாள், நான் அவரிடம் சொல்வேன். ஒரே அறையில் இரண்டு பேரும் இருந்தாலும் இதே நடைமுறைதான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

அதோடு விட்டாளா? அதைப் பாடமாக்கினாள். செடிக்கும் பறவைக்கும் உள்ள உறவுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லையாம். பிள்ளைகளை விட்டுப் பெரிய சார்ட் ஒன்று வரைய வைத்தாள். இடது பக்கம் புல்லுருவி, பறவை. வலது பக்கம் வெட்டிய கிளை, வெறும் வானம். கீழே கொட்டை எழுத்தில், "செடி போனது. பறவையும் போனது." அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய அந்தச் சார்ட்டைச் சட்டம் போட்டு, தலைமையாசிரியர் அறைக்கு நேர் எதிரே தாழ்வாரத்தில் மாட்டினாள். அவர் தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே போக வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அவளைச் சுற்றிப் பொய்யர்கள் பெருகத் தொடங்கினார்கள். துணி துவைக்கும் இயந்திரம் வேலை முடிந்ததும் கீச்கீச்சென்று சத்தம் கொடுக்குமே, அது நின்றுபோய்விட்டது என்று மெக்கானிக்கை வரவழைத்தாள். அவன் தட்டிப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றான். அவள் வீட்டுக்காரரும், "சத்தம் வருதே" என்றாராம்.

"இவரும் அவனோட சேந்துக்கிட்டார் பாரு" என்று என்னிடம் வந்து பொரிந்தாள். "ஆம்பளைங்களுக்கு ஒரு மெஷினைக் கேட்டுப் பாக்கற பொறுமைகூட கிடையாது."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இந்த வருடம் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் சேர்ந்தாள். அந்த வகுப்பில் ஆளுக்கொரு பறவைப் பெயர் வைத்துக்கொள்வது வழக்கம். வாய் ஓயாத பையன் மைனா. எதையாவது பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்பவன் காகம். பெரிய கண்ணாடி போட்ட இந்தப் பெண் தனக்கு ஆந்தை என்று வைத்துக்கொண்டாள். பேசமாட்டாள். வீட்டுக்கணக்கு போடமாட்டாள். ஏன் போடவில்லை என்றால், "போடத் தோணல டீச்சர்" என்பாள். என் சர்வீஸில் வயிற்றுவலி, தலைவலி, பக்கத்து வீட்டுச் சாவு எல்லாம் கேட்டிருக்கிறேன். இந்தப் பதிலை நான் கேட்டதே இல்லை.

முதல் வெள்ளிக்கிழமை காது வகுப்பில் பாதிப் பேருக்குமேல் நான்கு விரலை நீட்டினார்கள். காக்கா டீச்சர் மூன்று விரலைக் காட்டினாள். காகம், புறா, கிளி. புது வகுப்பு என்றால் அப்படித்தான், ஆர்வக் கோளாறு என்று சொல்லி, பொய் விரல்காரர்கள் அத்தனை பேரையும் அடுத்த வாரம் உள்ளே உட்கார வைத்தாள். அதற்கடுத்த வாரம் எல்லோரும் திருந்திவிட்டார்கள். மூன்று பறவைக்கு மூன்று விரல். ஆந்தை மட்டும் நான்கு.

"நாலாவது என்ன?"

"பேர் தெரியாது டீச்சர். டிக் டிக்னு கேட்டுச்சு."

"வேற யாருக்காவது கேட்டுச்சா?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. மைனாகூட.

ஆந்தை உள்ளே உட்கார்ந்தாள். திரும்பி வந்தாள், மறுபடி நான்கு விரல் நீட்டினாள், மறுபடி உள்ளே போனாள். ஒரு பருவம் முழுக்க இதுவே நடந்தது. பன்னிரண்டு வயதுப் பெண் ஒரு விரலை மடக்கினால் வெயிலில் சந்தோஷமாக நிற்கலாம். மடக்கவில்லை. வகுப்பில் யாரும் அவளோடு சேராமல் போனார்கள். பெயரும் மாறியது. ஆந்தையை விட்டுவிட்டுப் பொய் விரல் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் அதற்கும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் சாப்பாட்டு வேளையில் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து டப்பாவை மூடிவைத்துக்கொண்டிருப்பதை நான் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை அவளுடைய அம்மா ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டார். தையல் ஆலையில் வேலை. வேலை உடையோடு, தோளில் நூல் துணுக்குகளோடு வந்து நின்றார்.

"டீச்சர், எம் பொண்ணு சோம்பேறி. ஒத்துக்கறேன். பிடிவாதம், அதுவும் ஒத்துக்கறேன். சாப்பிட்ட தட்டைக் கழுவ மாட்டா. ஆனா பொய் சொல்ல மாட்டா. பொய் சொல்லவாவது கத்துக்கோடின்னு நானே திட்டியிருக்கேன். விருந்தாளி வந்தா, எப்ப கிளம்புவீங்கன்னு கேக்கறா."

காக்கா டீச்சர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். "நான் அவளைக் கெட்ட பொண்ணுன்னு சொல்லலம்மா. கேக்காததைக் கேட்டேன்னு சொல்றா. அதை விட்டா நாளைக்கு எல்லாத்தையும் அப்படித்தான் எழுதுவா."

"ஸ்கூலே வேணாம்னு சொல்றா டீச்சர். வேற ஸ்கூல்ல சேத்துவிடுன்னு அழறா. இதுவரைக்கும் எதுக்கும் அழாத பொண்ணு."

அம்மா போன பிறகு இவள் வெகுநேரம் இறகு ஒன்றைப் பிய்த்துப் பிய்த்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு நீ வா."

"எங்க?"

"காது வகுப்புக்கு. உனக்குப் பறவையும் தெரியாது, அக்கறையும் கிடையாது. உன்னை மாதிரி சாட்சி எனக்குக் கிடைக்காது."

என்னை இதைவிட நன்றாக யாரும் பாராட்டியதில்லை.

வெள்ளிக்கிழமை மரத்தடியில், முப்பது பிள்ளைகளுக்கு நடுவில், நானும் கண்ணை மூடிக்கொண்டு முஷ்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஆந்தையையும் அன்று வெளியே விட்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. காகம் கத்தியது, விரல். புறா குமுறியது, விரல். கிளி ஒன்று திட்டிக்கொண்டே பறந்தது, விரல். அப்புறம் மதில் பக்கமிருந்து, பேனாவின் பொத்தானை யாரோ அமுக்கி அமுக்கி விளையாடுவது போல மெல்லியதாக ஒரு சத்தம். டிக். டிக் டிக். எனக்குப் பறவையும் தெரியாது, அக்கறையும் கிடையாது. ஆனால் கேட்டது கேட்டதுதானே. நான்காவது விரலை நீட்டினேன்.

கண்ணைத் திறந்தபோது அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் மூன்று விரல். ஆந்தை கையில் நான்கு. மற்ற எல்லோர் கையிலும் மூன்று.

"நாலாவது என்ன?" என்றாள் என்னிடம்.

"பேர் தெரியாது. டிக் டிக்னு கேட்டுச்சு."

"காதுல பூ சுத்தறியா? அந்தப் பொண்ணு மேல பாவப்பட்டு..."

"நான் யார் மேலயும் பாவப்படற ஆள் இல்லன்னு உனக்குத் தெரியாதா? இதோ, இப்பக்கூடக் கேக்குது."

அவள் தலையைச் சாய்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். டிக் டிக் என்று அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்போதுதான் எனக்கு அவள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் நினைவுக்கு வந்தது.

அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "தண்டனை கிடையாது. உண்மையைச் சொல்லுங்க. யாருக்கெல்லாம் கேட்டுச்சு?"

முதலில் காகம் என்கிற பையன் விரலை நீட்டினான். பிறகு இன்னொருத்தி. பிறகு ஒவ்வொன்றாக மரத்தடி முழுக்க நான்காவது விரல்கள் நிமிர்ந்தன. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எப்பலேந்து கேக்குது?"

"எப்பவும் கேக்கும் டீச்சர்" என்றான் மைனா.

"அப்ப ஏன்டா மடக்கினீங்க?"

"அது உங்க கணக்குல வராது டீச்சர். அதான்."

அவள் கழுத்தில் தொங்கிய பைனாகுலரை எடுத்தாள். "எங்க இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டாள். ஆந்தைதான் முன்னால் வந்து, மதிலுக்கு அப்பால் அச்சகத்து வளாகத்து மரத்தைக் காட்டினாள். அங்கே நல்ல கொழுத்த புல்லுருவி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. காக்கா டீச்சர் வெகுநேரம் பார்த்தாள்.

"வாயைத் திறக்குது" என்றாள். அப்புறம், "திறந்து மூடுது. அவ்வளவுதான் வருது எனக்கு."

அன்று மாலை ஆசிரியர் அறையில் அவள் அழுதாள். காதுக்காக இருக்கும் என்று நினைத்து, வயசானால் எல்லாருக்கும் வருவதுதான் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"காது போனா போகட்டும். ஒரு பொண்ணு உண்மையைச் சொன்னா, அவளை உள்ள உக்கார வச்சேன். மீதிப் பேரைப் பொய் சொல்லப் பழக்கிட்டேன். அதுவும் என் சட்டத்தை வச்சே."

அவள் பாதி மேசையில் கை வைத்தேன். ஏதோ எலும்பு மேல் பட்டது. கையை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் அவள் செய்தவற்றைச் சொல்கிறேன். காது மருத்துவரிடம் போனாள். கீச்சுக் குரல்கள்தான் முதலில் போகும், போனது திரும்பாது, கருவி வைத்தால் கொஞ்சம் உதவும் என்றார். அவர் போட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்கிவந்து ஒலி பாடத்துக்கு வைத்துக்கொண்டாள். மெக்கானிக்கைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். அவனுக்கு எதற்கென்று புரியவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டாளா என்று தெரியவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

தலைமையாசிரியர் அறைக்குள் என்னைத் தூது அனுப்பாமல் தானே போனாள்.

"சார், அந்தப் பறவை போகல. பக்கத்து மரத்துலதான் இருக்கு. உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப இனிமே என்கிட்ட நேரா பேசுவீங்களா டீச்சர்?"

"பேசுவேன் சார்."

"சரி" என்றார். அவ்வளவு சந்தோஷமாகத் தெரியவில்லை.

சார்ட்டை இறக்கிவிடுவாள் என்று நினைத்தேன். இறக்கவில்லை. சட்டத்தைப் பிரித்து, "பறவையும் போனது" என்பதற்குக் கீழே சிவப்பு மையில் எழுதினாள். "மேலே உள்ள முடிவு தவறு. பறவை இருக்கிறது. கருவி பழுது. கருவி: அறிவியல் டீச்சரின் காது." திரும்பவும் அதே இடத்தில் மாட்டினாள். ஆய்வுக்கு வருகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள்.

பிறகு ஏழாம் வகுப்பில், எல்லோர் முன்னாலும், ஆந்தையை எழுந்து நிற்கச் சொல்லாமல் தான் எழுந்து நின்றாள். "நீ சொன்னது உண்மை. நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கோ."

ஆந்தை யோசித்தாள். "அந்த வெள்ளிக்கிழமை மார்க் எல்லாம் வருமா டீச்சர்?"

வந்தது.

அடுத்த காது வகுப்புக்கு நானும் போனேன். மாலை வெயில் உடம்புக்கு நல்லது என்று எங்கோ படித்திருந்தேன். இப்போது விதி மாறியிருந்தது. டீச்சர் கை விடை கிடையாது, அதுவும் வரிசையில் ஒரு கைதான். அவள் கண்ணை மூடவில்லை. பைனாகுலரை அச்சகத்து மரத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். டிக் டிக் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கண்ணைத் திறங்க."

நான்கு விரல்கள், ஐந்து விரல்கள். மைனா இரண்டு கையிலும் சேர்த்து ஏழு விரல் நீட்டியிருந்தான். அது பொய்தான், அதை அவள் பிறகு விசாரித்துக்கொண்டாள். காக்கா டீச்சர் கையில் மூன்று.

ஆந்தை கையிலும் மூன்று.

அந்தப் பெண் டீச்சரின் கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். ஒரு பருவம் முழுக்கத் தனியாக உட்கார வைத்தும் மடங்காத விரல் அன்றைக்கு டீச்சரின் மூன்று விரலுக்குத் துணையாகத் தானாக மடங்கியிருந்தது. நான் என் நான்காவது விரலை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தேன். பறவைகளை எனக்கு இப்போதும் பிடிக்காது.

காக்கா டீச்சர் பைனாகுலரைக் கீழே விட்டாள். "அது வாயைத் திறந்து திறந்து மூடுச்சு. நான் பாத்துட்டுதான் இருந்தேன்" என்றாள். ஆந்தையின் கையைப் பிடித்து, மடங்கியிருந்த நான்காவது விரலைத் தன் விரலால் நிமிர்த்திவிட்டாள்.

"என்ன கேட்டுச்சு?"

"டிக் டிக்" என்றாள் ஆந்தை, உதட்டுக்குள்ளேயே.

"சத்தமா சொல்லு. எனக்குக் கேக்கணும்ல."